யார் பெற்ற பிள்ளை யாரைக் கெடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்கள் குடித்துச் சீரழிவதற்குக் கூடாத சேர்க்கைதான் காரணம், பெற்றோர் தங்கள் பிள்ளையின் நண்பர்கள் யார் என்று கண்காணித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, ஏன் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். சொந்த வண்டி. கல்யாணம், துஷ்டி (சாவு வீடு), கோவில், குற்றாலம், கொடைக்கானல், சபரிமலை எல்லாத்துக்கும் போவேன், அதில் பாதிக்கு மேல் இருபதிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள் இருக்கும் பையன்கள்தான். டிரைவர் என்பவன் முதுகு மட்டும் உள்ள ஆள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் பேசுவார்கள். வண்டிக்குள் கண்ணாடி இருப்பதை மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு செட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுடைய அப்பா அம்மாவைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சேர்க்கை என்று சொல்லிவிடுவது சுலபம். பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் பத்து வீட்டிலும் "எம்பிள்ள தங்கம், அந்தப் பயகூடச் சேர்ந்துதான் கெட்டுப்போனான்" என்பார்கள். அந்தப் பயலின் வீட்டுக்குப் போனால் அவனுடைய அம்மா இந்த வீட்டைக் கையைக் காட்டுவாள். அப்புறம் யார் பெற்ற பிள்ளைதான் யாரைக் கெடுத்தது? என் வேனில் ஏறும் பையன்களில் நண்பனைக் கெடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வருகிறவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் தாயும் தகப்பனும் கஷ்டப்பட்டு வளர்த்த பிள்ளைகள், டிப்ளமோவோ பி.இ.யோ முடித்தவர்கள், சிலபேர் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்த பிள்ளைகள். ஆள் ஆளாகப் பார்த்தால் யாரிடமும் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஒன்றாக உட்காரும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

குற்றாலம் போவதை எடுத்துக்கொள்வோம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எனக்கு ஓய்வே கிடையாது. பன்னிரண்டு பேர் கிளம்பினால் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். வண்டி வாடகை, அருவிக்குப் போகும் வழியில் டீ, பார்டரில் பரோட்டா சிக்கன், சரக்கு, சைடிஷ், தண்ணி பாட்டில், பிளாஸ்டிக் கப் எல்லாம் ஒரே பங்கு, குடிக்கிறவனுக்கும் குடிக்காதவனுக்கும். முதல் தடவை வருகிற பையன் கூல்டிரிங்ஸை வைத்துக்கொண்டு மிக்சரைக் கொறித்துக்கொண்டு இருப்பான். அடுத்த தடவை அவனுக்கே ஒரு கணக்கு வந்துவிடும், காசு கொடுத்தது கொடுத்தாச்சு, என் பங்கையும் இவனுகளே குடிப்பதற்கா நான் வந்தேன் என்று. "பீர்ல என்னல இருக்கு, அது ஜூஸ் மாதிரி" என்று பக்கத்தில் இருக்கிறவன் சொல்லுவான். ஜூஸ் எல்லாம் இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை இருக்கும். அது ஒரு பாட்டில் உள்ளே போனால் 60 மில்லி லார்ஜ் இரண்டு போட்டதற்குச் சமம். இது ஊற்றுகிறவனுக்கும் தெரியாது, குடிக்கிறவனுக்கும் தெரியாது.

ஊற்றுகிறவன் என்று சொன்னேன் பாருங்கள், எல்லா செட்டிலும் அப்படி ஒருத்தன் இருப்பான். அளவு தெரிந்தவன் என்று அவனுக்குப் பேர். கடையம் தாண்டி எங்கேயாவது மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கப்புகளை வரிசையாக அடுக்கி, குனிந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து எல்லாம் ஒரே மட்டமாக வருகிற மாதிரி ஊற்றுவான். யாருக்கும் குறையக் கூடாது என்பது அவனுடைய நியாயம். யாருக்கும் குறைய விடமாட்டான் என்பதுதான் வினை. பாதி போதும் என்று ஒருத்தன் சொன்னால் அது காதிலேயே விழாது. அப்புறம் எல்லா கப்பும் காலியானால்தான் அடுத்த ரவுண்டு ஊற்ற முடியும், ஆகவே மெதுவாகக் குடிக்கிறவனைச் சுற்றி நின்றுகொண்டு "சீக்கிரம் முடிச்சிருல, ஒனக்காவத்தான் நிக்கோம்" என்று விரட்டுவார்கள். வேகமாகக் குடிக்கிறவன் எவனோ அவனுடைய வேகம்தான் பன்னிரண்டு பேருக்கும் வேகம். ஒரு தடவை ஒரு பையன் கப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கம் போனான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு டயர் மேல் மொத்தத்தையும் ஊற்றினான், ஒரு நிமிஷம் சும்மா நின்றான், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி திரும்பினான். நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். குற்றாலம் வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போதுதான் முன் சீட்டுக்கு ஆள் வருவார்கள். பின்னால் பாட்டும் கூத்தும் ஓய்ந்திருக்கும். ஒருத்தன் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, எனக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது, வீட்டுக்குத் தெரிஞ்சா எங்கம்மா செத்துருவா, ஆனா குடிக்கலன்னா அன்னைக்குப் பூரா வச்சு ஓட்டுவானுவ" என்பான். சரிப்பா, போய்த் தூங்கு என்பேன். ஆலங்குளமோ ஆழ்வார்குறிச்சியோ வருவதற்குள் இன்னொருத்தன் வந்து அதையே வேறு வார்த்தையில் சொல்லுவான். ஒரே வண்டியில் ரெண்டு மூணு பேர் இப்படித் தனித்தனியாக வந்து சொன்னது உண்டு. இவனுக்காக அவன் குடிக்கிறான், அவனுக்காக இவன் குடிக்கிறான். மற்றவனுக்கு அது பிடித்திருக்கிறது என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தனிடம் இருப்பதை இன்னொருத்தனிடம் நான் சொல்ல முடியாது, டிரைவருக்கு அது தர்மம் இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள் சிரித்தாள். அவள் பாளையங்கோட்டையில் சைக்காலஜி படிக்கிறாள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சி செய்து 1993-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்றாள். மாணவர்களிடம், கேம்பஸில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதம் இருக்கும் என்று கேட்டார்களாம். தனக்கு உள்ளுக்குள் உறுத்தல், மற்ற எல்லாருக்கும் சம்மதம் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது. எல்லாருக்கும் உறுத்தல் என்றால் அந்த 'மற்ற எல்லாரும்' எங்கே இருக்கிறார்கள்? அதில் இன்னொரு சங்கதியும் உண்டு, நாள் போகப் போக ஆண் பிள்ளைகள் தங்கள் மனசையே அந்தப் பொய்க் கணக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்களாம். பிடிக்காமல் ஆரம்பித்தவனுக்குப் பிடித்துப்போனது அப்படித்தான்.

நம் ஊர்க் கணக்கையும் அவளே எடுத்துக் காட்டினாள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் 25.4 சதவீதம். இந்திய சராசரியைவிட இது அதிகம்தான், வருத்தப்பட வேண்டியதுதான். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தவர்களும் இருப்பார்கள், அவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் குடிக்காத ஆண்கள்தான் கூட்டம். ஆனால் என் வண்டியில் வரும் எந்தப் பையனிடமும் "நாலு பேர்ல எத்தன பேருல குடிப்பான்" என்று கேட்டால் "மூணு பேரு, ஏன் நாலு பேருந்தான்" என்று யோசிக்காமல் சொல்லுவான். குடிக்கிறவன் சத்தம் போடுகிறான், ஸ்டேட்டஸ் போடுகிறான். குடிக்காதவன் எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான், அவன் யார் கண்ணிலும் படுவதில்லை. ஊரில் எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நாம் பெரியவர்களும் வாய் ஓயாமல் சொல்கிறோம். பத்திரிகையும் எழுதுகிறது. கண்டிப்பதாக நினைத்துத்தான் சொல்கிறோம், கேட்கிற பையனுக்கு 'அப்போ எல்லாரும் செய்றதுதானே' என்று படுகிறது.

சேர்க்கைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 12,000-க்கும் மேற்பட்டவர்களை 1971-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த கணக்கை வைத்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. நேரடியாகத் தொடர்பில் இருக்கும் ஒருவர் மிதமிஞ்சிக் குடித்தால் இவரும் அப்படிக் குடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுகிறது, அந்த ஆளுக்குத் தெரிந்தவர் குடித்தால்கூட, அவரை இவர் பார்த்தே இருக்காவிட்டாலும், 36 சதவீதம் கூடுகிறது என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில், குடிக்காமல் இருப்பதும் இதே மாதிரி ஆள் விட்டு ஆள் பரவுகிறது என்றும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நாம் யாரும் பேசுவதில்லை. போதாக்குறைக்குக் குடிக்கிறவன் குடிக்கிறவனையே தேடிப் போய்ச் சேர்வதும் உண்டு. எது முந்தி எது பிந்தி என்று பிரிப்பது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே கஷ்டம்தான் என்றாள் மகள். பிறகு எப்படி ஒரு தகப்பன் பிள்ளையின் செல்போனை வாங்கிப் பார்த்து நல்ல நண்பன், கெட்ட நண்பன் என்று பிரிக்கப் போகிறார்?

நான் நேரில் பார்த்த அத்தாட்சி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும். ஆடியில் குற்றாலம் போன அதே செட், கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு மார்கழியில் அதே வண்டியில் சபரிமலைக்கு வருகிறது. அதே ஆட்கள். அந்த ஊற்றுகிறவனும் அதில் உண்டு, அவன்தான் இருமுடி கட்டும்போது ஓடி ஓடி எல்லாருக்கும் தேங்காயில் நெய் ஊற்ற உதவுவான், அங்கேயும் அளவு கரெக்டாக இருக்கும். மண்டல விரதம் 41 நாள், சிலர் 48 நாள் இருப்பார்கள். அத்தனை நாளும் ஒருத்தனும் தொட மாட்டான். யாரும் யாரையும் "ஒரு வாய் வையில" என்று கூப்பிட மாட்டான். மாலை போட்டவன் பார் வாசலில் நின்றால் குடித்துக்கொண்டிருக்கிறவனே எழுந்து வந்து "என்ன சாமி, இங்க என்ன சோலி" என்று விரட்டுவான். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலை ஏறும்போது அதே பையன்கள், அதே கேலி, அதே சத்தம், பாட்டு மட்டும் வேறு. சந்தோஷத்தில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதைப் பக்தி என்று சொல்லுங்கள், ஐயப்பன் மேல் பயம் என்று சொல்லுங்கள், இருக்கட்டும். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது. மாலை போட்டவனிடம் 'ஏன் குடிக்கவில்லை' என்று யாரும் கேட்பதில்லை. கழுத்தைப் பார்த்தால் போதும், பதில் அங்கே தொங்குகிறது. பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள், அதனால் எவனும் தனியாள் ஆவதில்லை. மாலை கழற்றிய அன்று ராத்திரியே சில செட்டு நேரே கடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன், அதுவும் தனியாக இல்லை, சேர்ந்துதான். நிறுத்துவதும் செட்டாக, தொடங்குவதும் செட்டாக. இந்த வயதில் பெரும்பாலான பையன்களுக்குக் குடி நாக்கில் ஏறவில்லை, கூட்டத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் விடாமல் குடித்து உடம்பு அதற்குப் பழகிப்போன ஆள் கதை வேறு. அப்படிப்பட்டவர் மாலை போடுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. அவரை முதலில் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அதற்கப்புறம் கோவிலுக்குப் போகலாம். 14446 என்று இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. நான் பேசுவது அந்த நிலைக்குப் போகாத பையன்களைப் பற்றி.

சரி, பெரியவர்கள் பக்கம் வருவோம். முந்தின கடிதம் எழுதிய அன்பர் இதைத் தொடவே இல்லை. கல்யாண வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது பந்தல் கணக்கு, சமையல் கணக்கு, மைக் செட் கணக்குக்கு அப்புறம் 'பயலுவளுக்கு' என்று ஒரு கணக்கு இருக்கும். மாப்பிள்ளையின் தகப்பனாரே மச்சானைக் கூப்பிட்டு, "பயலுவள கொஞ்சம் கவனிச்சிரும், மண்டபத்துப் பக்கம் வரவிடாம தோப்புல வச்சு முடிச்சிரும்" என்று ரூபாயை எண்ணிக் கொடுப்பார். பிள்ளையின் நண்பன் கெடுத்துவிட்டான் என்று நாளைக்குச் சொல்லப் போகிறவரும் அவரேதான். முதல் கிளாஸை யார் கொடுத்தது என்று கேட்டால் பாதிப் பையன்கள் நண்பன் பேரைச் சொல்வதில்லை. மாமா, சித்தப்பா, அக்கா மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். மச்சான் கொடுத்து மறுத்தால் மரியாதை இல்லை என்று ஒரு முறையை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். துஷ்டி வீட்டிலும் சுடுகாட்டுக்குப் போய்வந்த கையோடு ஒரு கூட்டம் ஒதுங்கும், அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

கோவில் கொடைத் திருவிழாவையும் சொல்லாமல் விடக் கூடாது. சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று பிழைக்கப் போன பையன்கள் எல்லாம் கொடைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். வருஷத்தில் அவர்கள் ஒன்றாக இருக்கும் மூணு நாள் அது. வெளியூரில் சம்பாதிக்கிறவன் செலவு செய்ய வேண்டும், அதுதான் அவன் பெரிய ஆள் ஆனதற்குச் சாட்சி. உள்ளூரில் இருக்கிறவன் அவன் வாங்கித் தருவதைக் குடித்தால்தான் பழைய சிநேகம் மாறவில்லை என்று அர்த்தம். சுடலைமாட சாமிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சாமிக்கு ஒரு பாட்டில், ஆசாமிகளுக்குப் பெட்டி பெட்டியாக என்றால்தான் கேட்கத் தோன்றுகிறது. வில்லுப்பாட்டு ஒரு பக்கம் நடக்கும், கேட்க நாலு கிழவிகள் இருப்பார்கள். பையன்கள் எல்லாம் வாழைத்தோப்பில். மறுநாள் அங்கே தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் காலில் கண்ணாடி ஏறும்.

இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து நாலு பையன்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் நம் ஊர்களில் எங்கே போவார்கள்? டீக்கடையில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் அண்ணாச்சி முறைப்பார், அவருக்கும் பெஞ்சு காலியாக வேண்டும். நூலகம் பூட்டியிருக்கும். வாலிபால் கோர்ட் இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கும். ஆற்றங்கரைப் படித்துறையில் விளக்கு இல்லை. மேஜை, நாற்காலி, ஃபேன், பொரித்த மீன், இரவு பத்து வரை யாரும் எழுப்பாத இடம் என்றால் அது பார் ஒன்றுதான். குடிக்கப் போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம், பாதிப்பேர் உட்காரப் போகிறார்கள். உட்கார்ந்தால் வாங்கத்தான் வேண்டும். டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தது 2003 நவம்பரில். இன்றைக்குக் கல்லூரி முடிக்கிற பையன் பிறந்ததிலிருந்து பார்த்த கடை அது, ரேஷன் கடை மாதிரி அதுவும் ஒரு கடை அவனுக்கு. 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் செட்டில் ஒருத்தனுக்கு 21 ஆகியிருந்தால் போதுமே, அவன் போய் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வந்துவிடுவான்.

கடையை மூடு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலைக் கடைகள் இடம் மாறின, 2023-ல் அரசே 500 கடைகளை மூடியது. குறைந்தவரைக்கும் நல்லதுதான். ஆனால் கடை தூரமானால் பைக்கில் போகிறார்கள், திரும்பியும் பைக்கில்தான் வருகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானதையும் பார்த்தோம். அந்த விவாதம் ரொம்ப நீளமானது, அதைப் பெரியவர்கள் பேசட்டும்.

பைக் என்றதும் ஒன்று. 2005-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்களாம், கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டும் விளையாட்டு, மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக விளையாடும்போது எல்லா வயதுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பக்கத்தில் இரண்டு சிநேகிதர்களை நிற்க வைத்ததும், 24 வயது தாண்டியவர்களிடம் மாற்றம் இல்லை, சின்னப் பிள்ளைகள் ரொம்பத் துணிந்தார்கள், 18-லிருந்து 22 வரைக்கும் உள்ளவர்களும் துணிந்தார்கள். அவர்கள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிநேகிதன் பார்க்கிறான் என்பதே ஒரு போதைதான் போல. அதோடு நிஜப் போதையும் சேர்ந்தால் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பாலத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு எப்படி ஓட்டுவார்கள் என்று எங்களைப் போன்ற டிரைவர்களைக் கேளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லி சரக்கில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராம் அளவில்தான் கழிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவன் விடியற்காலை ஐந்து மணிக்கும் தெளிந்தவன் இல்லை. தூங்கி எழுந்துவிட்டேன், குளித்துவிட்டேன், மோர் குடித்துவிட்டேன் என்பதெல்லாம் ஈரலுக்குத் தெரியாது.

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதால் நான் செய்து பார்த்த ஒரு காரியத்தையும் எழுதுகிறேன். வண்டி பேச வரும் பையன்களிடம் பங்கை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். வண்டி, சாப்பாடு, டீ, அருவி எல்லாம் ஒரு பங்கு, அது பன்னிரண்டு பேருக்கும் பொது. சரக்கு, சைடிஷ் தனிப் பங்கு, வேண்டும் என்கிறவன் மட்டும் போடட்டும். அட்வான்ஸ் கொடுக்க வருகிற பையனிடம் இரண்டு பட்டியலையும் தனித்தனியாக எழுதிக் கொண்டுவரச் சொல்வேன். "அண்ணாச்சிக்கு இது தேவையில்லாத வேல" என்று சிரித்துவிட்டு வேறு வண்டிக்குப் போன செட்டும் உண்டு, போகட்டும். ஆனால் ஒத்துக்கொண்ட செட்டில் நடந்தது வேடிக்கை. பன்னிரண்டு பேரில் இரண்டாவது பட்டியலில் ஐந்து பேர்தான் பெயர் கொடுத்தார்கள். அட்வான்ஸ் கொண்டுவந்த பையன் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு "நீயுமால போடல?" என்று ஃபோனில் ஒருத்தனிடம் கேட்டான். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "நானும் போடல" என்று மெதுவாகச் சொன்னான். அந்த ட்ரிப்பில் குடியே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது, ஆனால் வாங்கியது குறைவு. கப் எல்லாருக்கும் வைக்கவில்லை. யாரும் டயருக்கு ஊற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை.

காசு போட்டதற்காகக் குடிக்கும் கட்டாயம் போனது, யார் யாருக்கு வேண்டாம் என்பது எழுத்தில் வெளியே வந்தது, அவ்வளவுதான் நடந்தது. இதையே கொடைக் கமிட்டிக்காரர்களும் செய்யலாம். தலைக்கட்டு வரியிலிருந்து ஒரு ரூபாய்கூட இந்தச் செலவுக்குப் போகாது என்று நோட்டீசிலேயே அச்சடிக்கலாம், நன்கொடையாளர் பெயர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வரி கஷ்டம் இல்லை. கல்யாண வீட்டில் 'பயலுவளுக்கு' என்ற கணக்கை அந்தப் பெரியவர் எழுதாமல் விடலாம். பிள்ளையிடம் "யார்கூடல சேருத" என்று கேட்பதற்குப் பதிலாக "ஒங்க செட்ல குடிக்காதவன் யாரெல்லாம் உண்டு" என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் யோசிப்பான். யோசித்தால் இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வருவார்கள், அவர்கள் இத்தனை நாளும் கூடவேதான் இருந்திருப்பார்கள்.

சீசன் வண்டிக்கு இப்போதே ஃபோன் வர ஆரம்பித்துவிட்டது. அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, தென்காசி வேன் ஸ்டாண்டுகளில் உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற டிரைவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு பட்டியல் விஷயத்தை அவர்களும் தங்கள் வண்டியில் செய்து பார்த்து எப்படி இருந்தது என்று இதே பகுதிக்கு எழுதினால் நன்றாக இருக்கும். நான் மட்டும் கேட்டால் வேறு வண்டிக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.
(பெயர் வெளியிட வேண்டாம், பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.)